திரும்பிப் பார்த்தால் வரும்

பிப்ரவரி 11

அன்புள்ள நொட்டைக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொல்லி அம்மா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். கேட்டுவிட்டேன்.

போனில் நான் 'ம்' மட்டும்தான் சொல்கிறேன், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். லிப்ட் மெக்கானிக்கைப் பேனா பிடிக்க வைத்த பெருமை உன்னையே சேரும். கடைசியாக நான் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், உனக்குத்தான். அதையும் நீ எழுத்துப்பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தாய். அன்றைக்கு வைத்த பெயர் நொட்டை. நொட்டை சொல்வதற்கே ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகும் என்று யார் கண்டது.

கம்ப்யூட்டர் கேம் கடைக்கு வருவதற்கு முன்னால் ஆடி ஆடிக் குறை கண்டுபிடிப்பது ஒரு வேலையா என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறார்கள். அது எனக்கும் முழுசாகப் புரியவில்லை. ஜூனில் கேம் வெளிவந்ததும் அவள் வந்துவிடுவாள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். ரயில் கிளம்பியபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

அம்மா ஆசி சொல்லச் சொன்னாள்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 26

அன்புள்ள 'ம்' அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுக்கிறீர்களா, இல்லை அதற்கும் 'ம்' தானா?

சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, கூட இரண்டு பெண்கள். காலையில் இஸ்திரி நீராவி ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஆபீசில் வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், கேமைப் பற்றி வெளியே ஒரு படம்கூடப் போகக்கூடாதாம். நாள் முழுவதும் சுவரில் முட்டுவதும், ஒரே கதவைத் திறந்து திறந்து மூடுவதும்தான் என் வேலை. ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்ன செய்தால் வருகிறது, எப்படி வருகிறது, எத்தனை தடவைக்கு ஒருதடவை வருகிறது.

அதை வாங்கிப் பார்க்கிற புரோகிராமர் தன் மேசையில் செய்து பார்த்துவிட்டு, "எனக்கு வரலையே" என்பார். எதைக் கொடுத்தாலும் முதல் பதில் அதுதான். அதனால் அவருக்குப் பெயரே வரலை சார். அவருக்கு மேலே ஒரு மேடம். எதை இப்போது திருத்துவது, எதை அப்புறம் திருத்துவது என்று முடிவு செய்கிறவர். அவர் பெயர் அப்புறம் மேடம். இருவரும் நல்லவர்கள். போர்வை பத்தவில்லை என்று நான் சொன்ன மறுநாள் மேடம் தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

இங்கே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்: எழுதாத குறை இல்லாத குறை. நீங்கள் எழுதியிருப்பதால் பதில் சொல்கிறேன். நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள்தான் அங்கே இல்லை.

பிரியமுடன்,
நொட்டை


மார்ச் 10

அன்புள்ள நொட்டைக்கு,

ஒத்தடம் நடக்கிறது. அம்மாவுக்குப் பரவாயில்லை. உனக்கு அந்த இஸ்திரி நீராவி சேருமா?

நீ திரும்பியபோது நான் இல்லாதது உண்மை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அதை விடு.

எனக்கு ஒன்று புரியவே மாட்டேன் என்கிறது. நான் ஒரு லிப்டைப் பழுது பார்த்தால், எடை ஏற்றிப் பார்த்து, பிரேக் பிடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் ஏறலாம். கதவு ஒரு விரற்கடை சரியாக மூடாவிட்டாலும் 'பழுது' பலகையைக் கழற்ற மாட்டேன். உங்கள் ஊரில் மட்டும் குறை இருக்கிறது என்று தெரிந்தே எப்படிக் கடைக்கு அனுப்புகிறார்கள்? கையெழுத்துப் போடுவது யார்?

ரொம்பவும் பேசிவிட்டேன். ஆஸ்பத்திரி லிப்ட் ஒன்று பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று தினமும் கூப்பிடுகிறார்கள். நான் போய் நின்றால், விருந்தாளி வந்ததும் அடங்குகிற பிள்ளை மாதிரி மேலும் கீழும் ஒழுங்காக ஓடுகிறது. நேற்று அங்கிருந்த வாட்ச்மேனிடம் என்னை அறியாமல், "எனக்கு வரலையே" என்றேன். சொன்ன பிறகு தனியாகச் சிரித்தேன். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய சிரிப்பு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 22

அன்புள்ள 'ம்' அவர்களுக்கு,

பதில் தாமதித்ததற்குக் கோபம் வேண்டாம். தலைக்கு மேல் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கண்தான் எரிகிறது. அங்கே எல்லாரும் நலம்தானே?

நீங்கள் கேட்டதை வரலை சாரிடமே கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் சொன்னார். கேம் முடிந்த பிறகு தேதி வைப்பதில்லையாம், தேதி வைத்துவிட்டுத்தான் கேமை முடிப்பார்களாம். பெண் பார்ப்பதற்கு முன்னால் மண்டபம் பிடிக்கிற கதை. விளம்பரம் போயாயிற்று, ஜனங்கள் முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று, பங்கு வைத்திருப்பவர்கள் எங்கள் கழுத்தில் கத்தி வைத்தாயிற்று. நாங்கள் முப்பது பேர் சில மாதம் ஆடுவதை, வெளியான முதல் மணிநேரத்திலேயே லட்சம் பேர் ஆடித் தீர்த்துவிடுவார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு ஜாதகம். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். முன்பு சி.டி. தட்டில் அடித்து விற்ற காலத்தில் போனது போனதுதான், பயந்து பயந்து செய்தார்களாம். இப்போது நெட் வழியாகப் பிறகும் திருத்தி அனுப்பலாம் என்பதால் 'அப்புறம்' என்ற சொல் ரொம்ப மலிவாகிவிட்டது என்றார். அதில் அவருக்கும் வருத்தம்தான்.

எங்கள் கேமிலும் ஒரு லிப்ட் இருக்கிறது, கேட்டால் சிரிப்பீர்கள். கதாநாயகி தன் ஊரை விட்டுப் போகிறாள். பெரிய கோபுரம் ஒன்றில் லிப்ட் ஏறினால்தான் கதையின் மறுபாதி. அவளுடைய நாய் மட்டும் கீழே தெருவில் நிற்கும். அது அவள் கூட வராது. வாலை ஆட்டிக்கொண்டு லிப்டையே பார்க்கும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அங்கே லிப்ட் நகராமல் நின்றுவிடுகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். வரலை சாருக்கு வரவில்லை. மேடம் 'அப்புறம்' போட்டுவிட்டார்.

பிரியமுடன்,
நொட்டை


மே 3

அன்புள்ள நொட்டைக்கு,

இங்கு நலம். கண்ணுக்கு இடைவேளை கொடு, தூரத்தில் எதையாவது பார்.

உன் அலமாரியின் கீல் ஆடுகிறதே என்று ஒரு வருஷமாகச் சொன்னாய். மாற்றிவிட்டேன். சமையலறை விளக்கையும் மாற்றினேன். குழாய் சொட்டுவதை நிறுத்தினேன். இனி நீ வந்து நொட்டை சொல்ல இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று அம்மா சொல்கிறாள். அது அப்படி ஒன்றும் நல்ல செய்தியாக எனக்குப் படவில்லை.

அந்த லிப்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அதில் ஏறி யாரும் விழுந்து சாகப் போவதில்லை, விளையாட்டுத்தானே. எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டுத் தேதிக்குக் கிளம்பி வருகிற வழியைப் பார்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 1

அன்புள்ள 'ம்' அவர்களுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று மேடம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் குறைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். லிப்ட் முறை வந்தது. "எத்தனை தடவைக்கு ஒருதடவை வருது? தேதியைத் தள்ளி வைக்கணுமா, சொல்லு" என்றார். 'எப்போதாவது' என்று எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் தேதி கேம் வெளியாகிறது. பதினைந்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், ஜன்னலோர இருக்கை. அத்தைக்குச் சொல்லிவிடுங்கள்.

பிரியமுடன்,
நொட்டை


ஜூன் 24

அன்புள்ள நொட்டைக்கு,

அம்மா நலம். நானும்தான்.

நீ டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகப் போனில் சொன்னபோது நான் 'ம்' என்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொன்னால் நீ அழுதிருப்பாய், எனக்கும் அடக்க முடிந்திருக்காது.

எல்லாரும் லிப்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களாமே. ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் போனில் காட்டினான். ஆயிரக்கணக்கில் திட்டியிருக்கிறார்கள். சோம்பேறிகள், திருடர்கள், இவர்கள் ஒருநாளாவது தாங்கள் செய்ததைத் தாங்களே ஆடிப் பார்த்திருப்பார்களா என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. என் பெண்டாட்டி நாலு மாதம் அதைத்தானடா ஆடினாள் என்று பதில் எழுத வந்தது. எழுதத் தெரியவில்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். அந்தக் கேமையும் வாங்கினேன். என் வீட்டிலிருந்து உன்னை எடுத்துக்கொண்டு போனது எது என்று பார்க்க வேண்டும். இடது கைக்கு ஒரு வேலை, வலது கைக்கு ஒரு வேலை என்கிறது. நான் சுவரில் முட்டுவதைப் பார்த்து அம்மா சிரிக்கிறாள்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 9

அன்புள்ள 'ம்' அவர்களுக்கு,

நீங்கள் கேம் ஆடுகிறீர்களா? அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அத்தைக்கு என் வணக்கம். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது தேவலை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. வெளியே திட்டுகிறவர்களுக்கு நாங்கள் ஒரே ஆள். உள்ளே ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறோம். புரோகிராமர்கள் நேரம் தரவில்லை என்கிறார்கள். மேடம் தேதியைத் தான் வைக்கவில்லை என்கிறார். தேதி வைத்தவர்கள் முன்பணம் கட்டிய ஜனங்களைக் காட்டுகிறார்கள். ஜனங்களைக் கேட்டால், நல்ல பொருள் தருவீர்கள் என்று நம்பித்தானே கட்டினோம் என்பார்கள். யார் சொல்வதும் பொய் இல்லை. என்னைப் போல ஆடிப் பார்க்கிற டெஸ்டர்களை இன்னும் யாரும் காட்டவில்லை. காட்டினால் பரவாயில்லை என்று சில சமயம் தோன்றுகிறது.

வரலை சார் ராத்திரி பகல் பாராமல் லிப்டில் ஏறி இறங்குகிறார். பாவம், அவருக்கு இன்னும் வரவில்லை. அது தீராமல் எங்களை விடமாட்டார்கள்.

பிரியமுடன்,
நொட்டை


ஜூலை 21

அன்புள்ள நொட்டைக்கு,

காய்ச்சல் வந்ததை ஏன் போனில் சொல்லவில்லை? அம்மா என்னைத்தான் திட்டினாள். இனிமேல் அப்படிச் செய்யாதே.

லிப்டுக்கு வந்துவிட்டேன். முதல் தடவையே மாட்டிக்கொண்டேன். அடுத்த தடவையும். அதற்கடுத்த தடவை அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் அவசரமாகப் பட்டனை அழுத்திவிட்டு எழுந்தேன், லிப்ட் மேலே போய்விட்டது. என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். மற்ற இரண்டு தடவையும் நாயைப் பார்க்கத் திரும்பியிருந்தேன்.

கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தால் வரும். எத்தனை தடவை செய்தாலும் வரும். பாதி திரும்பினால்கூட வரும். என் தொழிலில் இதற்கு நியாயம் இருக்கிறது. கதவு பூட்டிக்கொண்டது என்று தெரிந்தால்தான் லிப்ட் நகரும். இங்கே திரும்புகிறவளை, அவள் இன்னும் வெளியே நிற்கிறாள் என்று கதவு நினைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. அவள் உள்ளே இருக்கிறாள் என்று லிப்ட் நினைக்கிறது. கதவுக்காக லிப்டும் லிப்டுக்காகக் கதவும் காத்துக்கொண்டு நிற்கின்றன. உன் வரலை சார் வேலை மும்முரத்தில் நேராகப் பார்த்து ஏறுகிறவர். அவருக்கு எப்படி வரும்?

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். நாயைத் திரும்பிப் பார்க்காமல் நீ ஒருநாளும் அதில் ஏறியிருக்க மாட்டாய். அப்படியென்றால் அது உனக்கு 'எப்போதாவது' மட்டும் வந்திருக்காது.

கையெழுத்துப் போடுவது யார் என்று மார்ச்சில் பெரிய மனுஷன் மாதிரிக் கேட்டேன். எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று மே மாதம் எழுதியவன் நான்தான். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையதையும் போட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள 'ம்' அவர்களுக்கு,

நீங்கள் கேட்காமல் கேட்டதற்குப் பதில்: ஆமாம். ஒவ்வொரு தடவையும் வந்தது. வீட்டுக்கு வரவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே சலவைக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். வரலை சார் ஏறினார், திரும்பினார். நின்றுவிட்டது. மெதுவாக, "எனக்கு வருதுங்க" என்றார். ஆபீசே எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது. மேடத்திடம் நான் எழுதிய பொய்யைச் சொன்னேன். நீ உண்மையை எழுதியிருந்தாலும் நான் 'அப்புறம்' தான் போட்டிருப்பேன் என்றார். அது ஆறுதலா, இன்னொரு குறையா என்று எனக்குப் புரியவில்லை.

திருத்திவிட்டார்கள். எப்படித் தெரியுமா? லிப்டுக்குள் கால் வைத்துவிட்டால் இனிமேல் திரும்ப முடியாது. கழுத்தே அசையாது. நாய் பின்னால் நிற்கும், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே மேலே போகலாம். லிப்ட் நிற்பதில்லை.

அதை நான் ஆடிப் பார்த்து 'சரி' என்று எழுதினால் இந்த வாரமே என்னை விட்டுவிடுவார்கள். 'சரியில்லை' என்று எழுதினால் கதவையும் லிப்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், மாதம் ஒன்றாகும். அதற்கு மேலும் ஆகலாம். தபாலில் உங்கள் பதில் வரும் வரை காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளப் போகிறேன். என்ன எழுதட்டும்?

நொட்டை


ஆகஸ்ட் 10

அன்புள்ள நொட்டைக்கு,

எழுதாத குறை இல்லாத குறை என்றாயே. அதனால் முதலில் என் குறையை எழுதிக் கொடுக்கிறேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நீ இல்லை. உன் அலமாரிக் கீல் இப்போது சத்தம் போடுவதில்லை, அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதாவது இல்லை. ஒவ்வொரு தடவையும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: சரி என்று எழுதாதே.

ஊரை விட்டுப் போகிறவள் ஒருதடவை திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். அது முடியாத லிப்டில் நானானால் 'பழுது' பலகையை மாட்டியிருப்பேன். இன்னொரு மாதம் நான் இருந்துகொள்கிறேன். அம்மாவும் அதையே சொல்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 20

அன்புள்ள நொட்டைக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று அறிய, ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில், வேலை நடக்கிறது, வேலை நடக்கிறது என்பதோடு சரி. இந்தத் தடவை 'ம்' சொன்னது நீதான்.

இன்று காலையில் கேமுக்குப் புதிய அப்டேட் வந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. அது இறங்கி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நேராக லிப்டுக்குப் போனேன். உள்ளே கால் வைத்தேன், பட்டனை அழுத்தினேன், திரும்பினேன். கழுத்து திரும்பியது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கதவு மூடியது, லிப்ட் மேலே போயிற்று. இப்போது அந்தக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். முன்பு கிடையாது. நாய் புள்ளியாகிற வரை அதன் வழியாகத் தெரிந்தது. அது உன் நொட்டையாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

உடனே உனக்குப் போன் அடித்தேன். எட்டாத தூரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. மத்தியானமும் அதையேதான் சொன்னது. ஆபீசில் பூட்டி வைத்தால் அப்படிச் சொல்லாது, மணி அடித்துக்கொண்டே இருக்கும். எட்டாத தூரம் என்றால் ரயில்தான்.

இந்தக் கடிதத்தை எழுதி உறையில் போட்டுத் தபால்பெட்டி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். எந்த முகவரிக்கு அனுப்புவது? சாப்பாட்டு மேசையில் உன் தம்ளருக்கு அடியில் வைக்கிறேன். வந்து படித்துப் பிழை திருத்து.

ஒன்றை மட்டும் நானே திருத்திவிடுகிறேன். நீ ரயில் ஏறிய அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் நடைமேடையில்தான் இருந்தேன், தூணுக்குப் பின்னால். என் முகத்தைப் பார்த்தால் நீ இறங்கிவிடுவாயோ என்று பயம். இறங்கமாட்டாயோ என்றும் பயம். நீ திரும்பிப் பார்த்திருக்கிறாய். எனக்குத்தான் அது தெரியவில்லை.

சாயங்கால வண்டிக்கு நேரமாகிறது. இன்று இல்லையென்றால் நாளை, நாளை இல்லையென்றால் மறுநாள், அந்த வண்டி வரும்போதெல்லாம் போகப் போகிறேன். தூணுக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்